சுழல்வது எது, சுற்றுவது எது? திண்பொருள் இயக்க வகைப்பாட்டின் வரலாறும் தமிழ்க் கலைச்சொற்களும்

முன்னுரை

1919ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'எலெக்ட்ரிக்கல் எக்ஸ்பெரிமென்டர்' இதழில் நிக்கோலா டெஸ்லா நிலவைப் பற்றிச் சில கட்டுரைகளை எழுதினார். நிலவு தன் அச்சில் சுழல்வதில்லை என்பதே அவர் நிறுவ முற்பட்ட கருத்து. சுழலும் காந்தப்புலத்தைக் கொண்டு மின்னோடியை வடிவமைத்த அறிஞர் அவர். அத்தகையவரே எது சுழற்சி என்னும் அடிப்படை வினாவில் வானியலாளர் அனைவரோடும் முரண்பட்டார். அவருக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1856இல், இங்கிலாந்தின் பள்ளி ஆய்வாளர் ஜெலிஞ்சர் சைமன்ஸ் இதே கருத்தை முன்வைத்துப் பெரும் விவாதத்தை எழுப்பியிருந்தார். நிலவின் ஒரே முகமே எப்போதும் புவியை நோக்கி நிற்கிறது. ஆகவே அது சுழலவில்லை என்பது இருவர்க்கும் பொதுவான எண்ணம்.

இவ்வழக்கில் ஒரு வியப்பு உண்டு. நிலவின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கணத்திலும் எங்கே இருக்கிறது என்பதில் இரு தரப்பினர்க்கும் கருத்து வேறுபாடே இல்லை. அவ்வியக்கத்துக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதில்தான் வேறுபாடு. அவ்வாறாயின் இது வெறும் சொற்போர்தானா? அன்று என்பதே இக்கட்டுரையின் விடை. இன்று பொறியியல் மாணவர் முதலாண்டில் ஒரு பக்கப் பட்டியலாகப் படித்துவிடும் திண்பொருள் இயக்க வகைகள், பெயரிடுதலைச் சரிசெய்ய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் பட்ட பாட்டின் விளைவு. பாதையின் வடிவத்தைக் கொண்டு இயக்கத்தை வகுத்தவர்கள், பொருளின் திசையமைவைக் கொண்டு வகுக்கக் கற்றுக்கொண்ட வரலாறு அது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, தமிழில் நாம் வழங்கும் கலைச்சொற்கள் அதை உள்வாங்கியுள்ளனவா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இங்குத் திண்பொருள் என்பது, எந்த இரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு என்றும் மாறாத பொருளைக் குறிக்கும். திசையமைவு என்பது அப்பொருளில் வரைந்த கோடுகள் வெளியில் எத்திசைகளை நோக்குகின்றன என்பதைக் குறிக்கும். திசையமைவு மாறாத இயக்கத்தைப் பெயர்வியக்கம் என்றும், மாறும் இயக்கத்தைச் சுழலியக்கம் என்றும் வழங்குகிறேன்.

1. பாதையால் வகுத்தல்

இடம்விட்டு இடம் செல்லும் இயக்கம் அனைத்தும் நேர்கோட்டிலோ வட்டத்திலோ இவ்விரண்டின் கலப்பிலோ அமையும் என்று அரிஸ்டாட்டில் தம் 'வானத்தைப் பற்றி' என்னும் நூலில் வகுத்தார். நேர்கோட்டு இயக்கம் மண்ணுலகப் பொருள்களுக்கும் வட்ட இயக்கம் விண்பொருள்களுக்கும் இயல்பு என்பது அவர் கொள்கை. இவ்வகைப்பாட்டில் பொருளின் உருவத்துக்கு இடமில்லை. ஒரு புள்ளி செல்லும் தடமே பொருளின் இயக்கமாகக் கொள்ளப்பட்டது.

இப்பிரிவின் உறுதியை முதலில் அசைத்தவர்களுள் பாரசீக அறிஞர் நசீருத்தீன் அல்தூசி குறிப்பிடத்தக்கவர். 1201 முதல் 1274 வரை வாழ்ந்த இவர் மராகா வானாய்வகத்தை வழிநடத்தியவர். ஒரு வட்டத்தினுள் அதன் பாதி விட்டமுடைய சிறு வட்டம் நழுவாமல் உருளுமாயின், சிறு வட்டத்தின் விளிம்பிலுள்ள புள்ளி பெரிய வட்டத்தின் விட்டத்தின்மீது நேர்கோட்டிலேயே முன்னும் பின்னும் செல்லும் என்று அவர் காட்டினார். கோள்களின் இயக்கத்தை விளக்குவதற்காகவே அவர் இதனைக் கண்டார். ஆயினும் இதன் உட்பொருள் ஆழமானது. இரு வட்ட இயக்கங்கள் சேர்ந்து நேர்கோட்டை ஈன்றால், நேர்கோடும் வட்டமும் அடிப்படையில் வேறான இரு இனங்கள் என்ற பிரிவினை நிற்காது. அன்றியும், விளிம்பிலுள்ள ஒரு புள்ளி நேர்கோட்டில் செல்லும் அதே வேளையில் சிறு வட்டம் முழுவதும் சுழன்றுகொண்டே இருக்கிறது. புள்ளியின் பாதை வேறு, பொருளின் இயக்கம் வேறு என்னும் பாடம் இதனுள் பொதிந்திருந்தது. அப்பாடத்தை வெளிப்படையாக எழுத மேலும் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

2. தளத்தில் இயங்கும் பொருள்

பதினேழாம் நூற்றாண்டில் கணித அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது வண்டிச் சக்கரம். உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைகோட்டுக்குத் தொடுகோடு வரைவது எப்படி என்பது அக்காலத்தின் பெருவினா. 1638இல் டேக்கார்ட் ஓர் எளிய வழியைக் கூறினார். சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து விளிம்புப் புள்ளிக்குக் கோடு வரைக; அக்கோட்டுக்குச் செங்குத்தாகவே விளிம்புப் புள்ளி நகரும் என்பது அவ்வழி. அதாவது, ஒவ்வொரு கணத்திலும் சக்கரம் முழுவதும் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றியே திரும்புகிறது. தொடுபுள்ளி அக்கணத்தில் அசைவற்று நிற்க, சக்கரத்தின் உச்சி அச்சாணியைப்போல் இருமடங்கு விரைவுடன் முன்னேறுகிறது. தேர் இழுக்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி விரைந்து செல்வதையும், முட்டுக்கட்டை இடப்படும் கீழ்ப்பகுதி மெல்ல நகர்வதையும் கண்டவர்க்கு இது புதிதன்று.

1742இல் வெளியான தம் தொகுப்பு நூல்களில் யோகான் பெர்னூலி இக்கருத்தை இயக்கவியலுக்குள் கொணர்ந்தார். தடையின்றிக் கிடக்கும் பொருளொன்று மோதப்படும்போது, அது எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பத் தொடங்கும் என்பதை ஆராய்ந்து, அதற்குத் தானே அமையும் சுழல்மையம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஒரு தளத்தில் இயங்கும் திண்பொருள் எதுவாயினும், அது ஒவ்வொரு கணத்திலும் ஒன்று பெயர்வியக்கத்தில் இருக்கும். அன்றேல் ஏதேனும் ஒரு கணநேர மையத்தைச் சுற்றித் திரும்பும். மூன்றாவது வகை இல்லை. தள இயக்கத்தின் வகைப்பாடு இவ்வாறு நிறைவுற்றது.

இதே காலப்பகுதியில் ஊசலும் ஆராயப்பட்டது. 1673இல் வெளியான தம் ஊசல் கடிகார நூலில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், நூலில் தொங்கும் குண்டை விட்டுவிட்டு, பருமனுள்ள பொருளே ஊசலாக ஆடும்போது நேர்வதைக் கணித்தார். அதன் பகுதிகள் யாவும் அச்சிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருப்பதால், நிறை எவ்வளவு என்பது போதாது. நிறை எவ்வாறு பரவியுள்ளது என்பதும் தேவை என்று தெளிந்தது. பின்னாளில் தமிழகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்றும் இலங்கையில் சடத்துவத் திருப்பம் என்றும் பெயர்பெற்ற அளவின் தொடக்கம் இதுவே.

3. அயன சலனமும் மாறும் அச்சும்

அச்சு நிலையாக இருக்கும்வரை சிக்கல் பெரிதன்று. அச்சே நகரும்போது என்ன செய்வது? இவ்வினாவை எழுப்பியது புவியே. புவியின் அச்சு விண்மீன்களின் நடுவே ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கூம்பை வரைகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை நகரும் இவ்வசைவைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே இப்பார்க்கஸ் அறிந்திருந்தார். நம் சோதிட நூல்கள் இதனை அயன சலனம் என்கின்றன. இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் கொள்ளும் ஏறத்தாழ 24 பாகை அயனாம்சம் இதன் திரட்சியே.

1687இல் வெளியான 'பிரின்சிப்பியா'வில் நியூட்டன் இதன் காரணத்தைக் கண்டுகூறினார். புவியின் நடுவரை பருத்திருப்பதால், அப்பருமனைச் சூரியனும் நிலவும் சாய்வாக ஈர்க்கின்றன என்பது அவர் விளக்கம். காரணம் சரி, அவருடைய முடிவும் வானியலாளரின் அளவோடு ஒத்துப்போயிற்று. ஆயினும் அம்முடிவுக்கு அவர் சென்ற வழி பிழையானது. சுழலும் திண்பொருளின் உந்தத்தைக் கணிக்கும் முறை அன்று உருவாகியிருக்கவில்லை.

1748இல் ஜேம்ஸ் பிராட்லி மற்றோர் அசைவை அறிவித்தார். புவியச்சு கூம்பை வரைந்துசெல்லும் வழியில் ஏறத்தாழ 9 விகலை அளவுக்குச் சிறிதாகத் தலையசைக்கிறது. அவ்வசைவின் காலம் 18.6 ஆண்டு. இதனைக் கணித்துக் காட்டும் தேவை எழவே, மறு ஆண்டிலேயே பாரிசில் டாலம்பேர் அயன சலனம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒரு புள்ளி நிலையாக நிற்கத் திரும்பும் பொருளுக்கு ஒவ்வொரு கணத்திலும் ஓர் அச்சு உண்டு. அவ்வச்சு கணத்துக்குக் கணம் மாறலாம் என்பது அந்நூலில் தெளிவாயிற்று. தளத்தில் கணநேர மையம் எவ்வாறோ, வெளியில் கணநேர அச்சு அவ்வாறே.

பெர்லினில் இருந்த லியோனார்டு ஆய்லர் டாலம்பேரின் நூலால் தூண்டப்பெற்று, 1750இல் தம் புகழ்பெற்ற கட்டுரையைப் பெர்லின் கழகத்தில் அளித்தார். பொருளின் ஒவ்வொரு சிறு கூறுக்கும் நியூட்டனின் விதியை மூன்று திசைகளில் எழுதி, அவற்றைக் கூட்டிப் பொருள் முழுவதற்குமான சமன்பாடுகளைப் பெற்றார். ஆனால் அவர் அச்சுகளை வெளியில் நிலைநிறுத்தியிருந்தார். பொருள் திரும்பத் திரும்ப அவ்வச்சுகளைப் பற்றிய நிறைப் பரவல் மாறிக்கொண்டே இருந்ததால், சமன்பாடுகள் கையாள இயலாதவாறு பின்னிக்கிடந்தன.

விடுதலை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1755இல் யானோஸ் செக்னர் பம்பரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எவ்வளவு ஒழுங்கற்ற உருவமுடைய பொருளாயினும், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகள் அதற்கு உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சுழலவிட்டால் அச்சை எப்பக்கமும் இழுக்காமல் சுழலும் என்று அதில் அவர் நிறுவினார். ஆய்லர் இதன் பயனை உடனே உணர்ந்தார். அச்சுகளை வெளியில் நிறுத்தாமல் பொருளோடு பிணைத்து, செக்னர் கண்ட மூன்று முதன்மை அச்சுகளையே தம் அச்சுகளாகக் கொண்டார். பல பக்கங்களை நிரப்பிய சமன்பாடுகள் மூன்று வரிகளாகச் சுருங்கின. 1765இல் வெளியான அவருடைய திண்பொருள் இயக்கக் கோட்பாட்டு நூல் இதன் முழு வடிவம். திண்பொருளின் இயக்கத்தை ஆராயும்போது அந்நூல் பெயர்வியக்கத்தில் தொடங்கி, நிலையான அச்சைப் பற்றிய சுழற்சியைக் கடந்து, மாறும் அச்சை அடைகிறது. இன்றைய பாடநூல்கள் பின்பற்றும் வரிசையும் பெரும்பாலும் இதுவே.

4. ஐவகை இயக்கமும் ஒரே திருகும்

1775இல் ஆய்லர் சென்ட் பீட்டர்சுபர்க்கில் பார்வையை முற்றிலும் இழந்த நிலையில் இருந்தார். அவ்வாண்டில் அளித்த கட்டுரையொன்றில் இன்று அவர் பெயரால் வழங்கும் சுழற்சித் தேற்றத்தை நிறுவினார். ஒரு புள்ளி நிலையாக நிற்க, ஒரு திண்பொருளை எத்தனை முறை எவ்வாறு திருப்பினாலும், தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் ஏதேனும் ஓர் அச்சைப் பற்றிய ஒரே சுழற்சியால் இணைக்கலாம் என்பது அது. கால்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதற்பாதியின் தொடக்கத்தில் நடுப்புள்ளியில் வைத்த பந்து, ஆட்டமெல்லாம் உருண்டு புரண்டு, இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அதே இடத்தில் வைக்கப்படுகிறது. பந்தின் வடிவம் மாறாதிருந்தால், முன்பு இருந்த அதே இடத்திலேயே மீண்டும் இருக்கும் இரு புள்ளிகளேனும் அதன் மேற்பரப்பில் கட்டாயம் உண்டு. அச்சு வெளிவரும் இரு முனைகள் அவை.

ஆனால் சுழற்சிகளைச் சேர்க்கும் வரிசை முக்கியம். வாசகர் இத்தொகுதியையே கையில் எடுத்துச் சோதிக்கலாம். செங்குத்து அச்சைப் பற்றிக் கால் சுற்று திருப்பி, பின் இடவல அச்சைப் பற்றிக் கால் சுற்று திருப்புக. அடுத்து, தொடக்க நிலைக்கு மீண்டு, அதே இரண்டையும் வரிசை மாற்றிச் செய்க. நூல் வேறு நிலையில் முடியும். பெயர்வுகளில் இவ்வாறு நேர்வதில்லை. வடக்கே பத்தடியும் கிழக்கே பத்தடியும் எவ்வரிசையில் சென்றாலும் ஒரே இடத்தில் சேர்வோம். பெயர்வும் சுழற்சியும் வெவ்வேறு இனங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எஞ்சியது, எப்புள்ளியும் நிலையாக நில்லாத பொது இயக்கம். 1763இல் நேப்பிள்சில் ஜூலியோ மோட்சி என்பவர் வெளியிட்ட நூல் இதற்கு விடை தந்தது. அந்நூல் பரவலாக அறியப்படாமற் போகவே, 1830இல் பிரெஞ்சு வடிவியலாளர் மிஷேல் ஷால் வெளியிட்ட தேற்றமே புகழ்பெற்றது. திண்பொருளின் எந்த இடமாற்றத்தையும் ஓர் அச்சைப் பற்றிய சுழற்சியாகவும் அதே அச்சின் வழியான பெயர்வாகவும் பிரிக்கலாம் என்பது அதன் சாரம். அதாவது, எறியப்பட்ட கிட்டிப்புள்ளாயினும் வானில் புரளும் பாறையாயினும், எந்த இரு நிலைகளுக்கும் இடையே அது ஒரு திருகாணியைப்போல் நகர்ந்ததாகக் கொள்ளலாம். பெயர்வு இல்லாத திருகு சுழற்சி. சுழற்சி இல்லாத திருகு பெயர்வு. அயர்லாந்தின் ராபர்ட் பால் 1876இல் இதனை ஒரு முழுக் கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார்.

இவ்வரலாற்றின் முடிவில் கிடைத்த வகைப்பாடு ஐந்து உறுப்புகளைக் கொண்டது. முதலாவது பெயர்வியக்கம், பொருளின் ஒவ்வொரு கோடும் தன் திசையை மாற்றாதிருக்கும். உருளைக்குள் ஓடும் உந்துதண்டு நேர்ப்பெயர்வுக்கும், இராட்டினத்தின் தொங்கும் தொட்டில் வளைபெயர்வுக்கும் எடுத்துக்காட்டு. இரண்டாவது நிலையான அச்சைப் பற்றிய சுழற்சி. கீலில் திரும்பும் கதவு. மூன்றாவது தள இயக்கம், உருளும் சக்கரம். நான்காவது நிலையான புள்ளியைப் பற்றிய இயக்கம். குழியில் ஆணி பதிந்து தலையாட்டும் பம்பரம். ஐந்தாவது பொது இயக்கம். ஒரு பொருள் தனித்தனியே மாறக்கூடிய வழிகளைச் சுதந்திர இயக்கக் கூறுகள் என்பர். நிலையான அச்சில் அவை ஒன்று. தள இயக்கத்தில் மூன்று. நிலையான புள்ளியில் மூன்று. பொது இயக்கத்தில் மூன்று பெயர்வும் மூன்று சுழற்சியுமாக ஆறு.

இவ்வைந்தில் முதலாவதே பலரை இடறச் செய்வது. இராட்டினம் சுற்றும்போது அதன் தொட்டில் வட்டத்தில் செல்கிறது. 1893இல் சிகாகோ பொருட்காட்சியில் ஃபெர்ரிசு அமைத்த முதற்பேரிராட்டினத்தில் 36 பெட்டிகள் இருந்தன. அவற்றில் அமர்ந்தவர்கள் வட்டத்தில் சென்றும் தலைகீழாகவில்லை. பெட்டியின் தரை எப்போதும் கீழே, கூரை எப்போதும் மேலே. பாதை வட்டம், இயக்கம் பெயர்வு. அரிஸ்டாட்டிலின் அளவுகோலைக் கைவிட்டால்தான் இதனைச் சொல்ல முடியும்.

5. திண்பொருள் என்னும் எல்லை

வகைகள் அறியப்பட்டபின் எஞ்சியது கணிப்பு. 1834இல் லூயி புவான்சோ, எவ்விசையும் தாக்காது சுழலும் பொருளின் இயக்கத்தை ஒரு நீள்வட்டத் திண்மம் ஒரு நிலையான தளத்தின்மீது நழுவாமல் உருள்வதாகச் சித்திரித்தார். அவ்வாண்டிலேயே ஆம்பியர், காரணத்தை விடுத்து இயக்கத்தை மட்டும் ஆராயும் துறைக்குத் தனிப்பெயர் சூட்டினார். ஈர்ப்பின்கீழ் ஆடும் பம்பரத்தில் ஆய்லரும் லாக்ராஞ்சும் தீர்த்த இரு நிலைகளுக்குப்பின் நெடுங்காலம் எவரும் முன்னேறவில்லை. 1888இல் சோஃபியா கோவலெவ்ஸ்கயா மூன்றாவது நிலையைத் தீர்த்துப் பாரிசு அறிவியற் கழகத்தின் போர்தென் பரிசை வென்றார். ஆய்வின் சிறப்பைக் கருதி 3,000 பிராங்காக இருந்த பரிசுத்தொகை 5,000 ஆக உயர்த்தப்பட்டது.

எனினும் முற்றிலும் திண்ணிய பொருள் இயற்கையில் இல்லை. புவி திண்பொருளாயின் அதன் சுழல்முனை ஏறத்தாழ 305 நாள்களுக்கு ஒருமுறை சிறு வட்டம் வரையவேண்டும் என்று ஆய்லரின் கோட்பாடு கூறிற்று. 1891இல் சேத் சாண்ட்லர் கண்டது ஏறத்தாழ 14 மாதம். புவி நெகிழ்கிறது, கடல் அசைகிறது என்று சைமன் நியூகோம் அவ்வேறுபாட்டை விளக்கினார். 1958இல் ஏவப்பட்ட 'எக்ஸ்ப்ளோரர் 1' செயற்கைக்கோள் தன் நீள அச்சைப் பற்றிச் சுழலுமாறு வடிவமைக்கப்பட்டது. அதன் நெகிழும் உணர்கொம்புகள் ஆற்றலை இழக்கச் செய்யவே, அது குறுக்கச்சுக்கு மாறிக் குட்டிக்கரணம் இட்டது. திண்பொருள் என்பது இயற்கை தந்ததன்று. அறிவு வகுத்துக்கொண்ட கருவி. கருவியின் எல்லையை அறிந்தவரே அதனை நன்கு கையாள்வர்.

6. நிலவு வழக்கின் தீர்ப்பு

இனி டெஸ்லாவின் வினாவுக்குத் திரும்பலாம். கோயிலை வலம் வருபவர் தம் வலத்தோள் எப்போதும் கருவறையை நோக்கியிருக்குமாறு நடக்கிறார். கிழக்கு நோக்கித் தொடங்கியவர் தெற்கு, மேற்கு, வடக்கு எனத் திரும்பி மீண்டும் கிழக்கை நோக்குகிறார். ஒரு வலத்தில் அவர் உடல் ஒருமுறை சுழன்றுவிட்டது. நிலவின் நிலையும் இதுவே. இராட்டினத் தொட்டிலைப்போல் அது திசையமைவு மாறாமல் சென்றிருந்தால், ஒரு மாதத்தில் தன் முகங்கள் அனைத்தையும் நமக்குக் காட்டியிருக்கும். ஒரே முகத்தைக் காட்டுவதே அது சுழல்வதற்குச் சான்று.

இது சொல்வேறுபாடு மட்டும்தானா என ஐயுறுவோர்க்கு ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறி விடை தரும். 1781இல் அவர் காப்புரிமை பெற்ற பல்சக்கர அமைப்பில், நடுச் சக்கரத்தை மற்றொரு பல்சக்கரம் சுற்றிவரும். சுற்றிவரும் சக்கரம் பொறியின் இணைப்புத் தண்டோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்ததால், தண்டின் சிறிய ஆட்டம் நீங்கலாக, அது சுழலாமலே சுற்றியது. இரண்டும் சம பற்களுடையன. ஒரு முழுச் சுற்றில் நடுச் சக்கரம் இருமுறை சுழன்றது. மாறாக, சுற்றிவரும் சக்கரம் நிலவைப்போல் எப்போதும் ஒரே பக்கத்தை நடுவுக்குக் காட்டுமாறு கட்டப்பட்டிருந்தால், நடுச் சக்கரம் ஒருமுறைதான் சுழன்றிருக்கும். பாதை ஒன்றே, ஆனால் ஆலையின் பொறி இருமடங்கு விரைவில் ஓடுவதா என்பது அச்சக்கரம் சுழல்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. பெயரின் வேறுபாடு இங்கே இரும்பில் அளக்கக்கூடிய வேறுபாடாகிறது.

7. தமிழ்க் கலைச்சொற்கள்

1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாத்திரப் பரிபாசைச் சங்கத்தைத் தொடங்கிய காலம்முதல், அறிவியலைத் தமிழில் எழுதுவோர் சொல்லாக்கத்தில் அயராது உழைத்துள்ளனர். ஆயினும் இயக்க வகைகளைப் பொறுத்தவரை இரு குறைகள் இன்றும் எஞ்சியுள்ளன.

முதற்குறை, பாதையையும் பொருளையும் கலப்பது. நேர்கோட்டு இயக்கம், வட்டப்பாதை இயக்கம், தற்சுழற்சி இயக்கம் என ஒரே பட்டியலில் வைத்துக் கற்பிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. முதலிரண்டும் புள்ளியின் பாதையால் பெற்ற பெயர்கள். மூன்றாவது பொருளின் திசையமைவால் பெற்ற பெயர். இதனைக் கற்ற மாணவர், பெயர்வியக்கம் என்றால் நேர்கோடு என்றே கொள்கிறார். இராட்டினத் தொட்டிலைச் சுழல்வதாக எழுதுகிறார். அரிஸ்டாட்டிலின் பிரிவினை நம் வகுப்பறையில் இன்னும் வாழ்கிறது.

இத்தனைக்கும் தமிழ் இதற்குத் தேவையான வினைகளைச் செழிப்பாகக் கொண்டுள்ள மொழி. சுழல், சுற்று, உருள், புரள், திரும்பு, பெயர் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி அசைவைச் சுட்டும். பம்பரம் சுழல்கிறது, செக்குமாடு செக்கைச் சுற்றுகிறது, சக்கரம் உருள்கிறது. உலக வழக்கில் இவை கலப்பதும் உண்டு. காற்றாடி சுற்றுகிறது என்கிறோம், தலை சுற்றுகிறது என்கிறோம். புவி தன்னைத்தானே சுற்றுகிறது என்று பாடநூலும் எழுதிவிடும்போது கலப்பு அறிவியலுக்குள் நுழைகிறது. சுழற்சி என்பதைத் திசையமைவின் மாற்றத்துக்கும், சுற்றுகை என்பதை மையப்புள்ளியின் பாதைக்கும் உரியதாக வரையறுத்துவிட்டால், நிலவு புவியைச் சுற்றுகிறது, சுற்றும்போதே ஒருமுறை சுழல்கிறது என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதலாம்.

இரண்டாம் குறை, தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே சொற்கள் பிரிந்து நிற்பது. தமிழகம் முடுக்கம் என்பதை இலங்கை ஆர்முடுகல் என்கிறது. இது தீங்கற்ற வேறுபாடு. அறியாத சொல்லைக் கேட்டறியலாம். தீங்கு, ஒரே சொல் இரு பொருளில் வழங்கும்போதுதான் நேர்கிறது. திசையைக் கருதாத விரைவைத் தமிழகம் வேகம் என்றும் இலங்கை கதி என்றும் கூறும். திசையோடு கூடியதைத் தமிழகம் திசைவேகம் என்றும் இலங்கை வேகம் என்றும் கூறும். ஒரு பொருள் வட்டப் பாதையில் மாறா வேகத்துடன் செல்கிறது என்னும் தொடர் தமிழகப் பாடநூலில் சரி. இலங்கைப் பாடநூலில் பிழை. வட்டத்தில் திசை கணந்தோறும் மாறுவதால் அங்கு வேகம் மாறாதிருக்க இயலாது.

நான் இலங்கையில் தமிழ்வழி பயின்று, மேலைநாட்டில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியப் பணியாற்றியவன். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்குத் தமிழில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க ஒருமுறை முயன்றபோது, மேற்கண்ட தொடரைப் பிழையென்று அடித்துவிட்டேன். அதனை எழுதியது சென்னையிலிருந்து வந்த மாணவி. தன் பழைய பாடநூலைக் கொணர்ந்து காட்டி, "ஐயா, இங்கே சரியென்று இருக்கிறதே?" என்று வினவினாள். அவளும் தவறவில்லை, நானும் தவறவில்லை. மறுவாரமே அவள் விடைகளை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள். இரு தமிழுக்கிடையே சிக்கிய மாணவர்க்கு மூன்றாவது மொழி புகலிடமாவது இயல்பு. அன்று நான் இழந்தது ஒரு மதிப்பெண் வழக்கை அன்று. தமிழில் சிந்திக்க வந்த ஒரு பிள்ளையை.

முடிவுரை

எந்நாட்டுச் சொல் சிறந்தது என்னும் வழக்கில் இறங்க நான் விரும்பவில்லை. இரு வழக்குகளும் பல தலைமுறைகளின் உழைப்பால் வேரூன்றியவை. ஒன்றை மற்றொன்றால் அகற்றுவது இயலாதது, தேவையும் இல்லை. இரு சிறு செயல்கள் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டுத் தமிழர் பயிலக்கூடிய அறிவியல் நூல் ஒவ்வொன்றும் தன் முதற்பக்கத்தில் இரு நாட்டுச் சொற்களையும் இணைநிரலாகத் தரவேண்டும். வேகம் போன்ற இருபொருட் சொற்களை அங்கே தனித்துச் சுட்டவேண்டும். இயக்க வகைகளைக் கற்பிக்கும்போது, பாதையின் வடிவத்தைப் பற்றிய பட்டியலையும் பொருளின் திசையமைவைப் பற்றிய பட்டியலையும் பிரித்து வைக்கவேண்டும்.

ஆய்லர் தம் அச்சுகளை வெளியில் நிறுத்தியிருந்தவரை கணக்கு பின்னிக்கிடந்தது; பொருளோடு பிணைத்த பின்னரே அவிழ்ந்தது. கலைச்சொல்லும் அவ்வாறே. அகராதியின் வரிசையில் நிறுத்திச் சொல்லைத் தேடுவதைவிட, கருத்து வளர்ந்த வரலாற்றோடு பிணைத்துத் தேடினால் பொருத்தமான சொல் எளிதில் கிட்டும். சுழல்வது எது, சுற்றுவது எது என்பதைத் தெளிவாகச் சொல்லத் தமிழில் சொற்கள் முன்னரே உள்ளன. அவற்றின் எல்லைகளை வரைந்து நிறுத்துவதே நம் தலைமுறை செய்யவேண்டிய பணி.